இணைய ஏலத்தளத்தைத் தேர்ந்தெடுத்தல்: விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த ஏலத்தளத்தில் விற்பது என்பதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது கட்டணத்தை. அது முக்கியம்தான் என்றாலும், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பார்த்தால் போதுமானது. உங்கள் பொருளை விரும்பக்கூடியவர்கள் குறைந்தது இரண்டு பேராவது அந்தத் தளத்திற்கு வந்து போகிறார்களா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வாங்குவதற்கு ஒருவர் இருந்தால் போதாதா என்று தோன்றலாம். கடையில் போதும், ஏலத்தில் போதாது.

இணைய ஏலம் நடக்கும் முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். பல தளங்களில், ஏலம் கேட்பவர் தம்மால் தர முடிந்த உச்சத் தொகையை முன்கூட்டியே தளத்திடம் சொல்லிவிடலாம். தளம் அதை யாருக்கும் காட்டாமல், பிறர் கேட்கக் கேட்க, அவர் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் படிப்படியாகத் தொகையை ஏற்றிக்கொண்டே போகும். ஒருவர் 3,000 வரை தரத் தயாராக இருந்து, அடுத்தவர் 1,800 வரை மட்டுமே போகக்கூடியவராக இருந்தால், ஏலம் 1,800-க்கு ஒரு படி மேலே நின்றுவிடும். 3,000 என்ற எண் விற்பவரின் கண்ணிலேயே படாது. இரண்டாவது ஆள் இல்லாமலே போனால், பொருள் நீங்கள் வைத்த தொடக்க விலைக்கே படிந்துவிடும். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்து எழுதிய 'இரண்டாம் விலை ஏலம்' ஏறக்குறைய இதுதான். ஏலங்களைப் பற்றிய அத்தகைய ஆய்வுகளுக்காக அவருக்கு 1996-இல் நோபல் பரிசும் அறிவிக்கப்பட்டது. ஆக, உங்களுக்குக் கிடைக்கும் விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர்; தோற்றவர்களில் முதலாமவர். அந்த ஆள் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று தேடுவதுதான் தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை.

என் பொருளை ஏலத்தில்தான் விற்க வேண்டுமா? நிலையான விலை வைத்து விற்றால் என்ன?

பல பொருள்களுக்கு நிலையான விலையே நல்லது. சந்தையில் ஏராளமாகக் கிடைக்கும், விலை எல்லோருக்கும் தெரிந்த பொருளை ஏலத்தில் விடுவதால் பயனில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த கைப்பேசியை வாங்க நினைப்பவர், அதே கைப்பேசி அன்றைக்கு வேறு பத்து இடங்களில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கும் கீழேதான் ஏலம் கேட்பார். ஒரு வாரம் காத்திருப்பதற்கும், கிடைக்குமா கிடைக்காதா என்ற நிச்சயமின்மைக்கும் அவர் விலையில் ஒரு கழிவை எதிர்பார்ப்பது இயல்பே.

ஏலம் பொருத்தமாக அமைவது, விலை என்னவென்று உங்களுக்கே தெரியாத பொருளுக்கு: ஒற்றையாக இருப்பது, அரிதானது, தொகுப்பாளர்கள் தேடுவது, அல்லது நிலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பு பெரிதும் மாறக்கூடியது. பழைய கேமரா லென்ஸ், நாணயம், தபால்தலை, கடிகாரம், உற்பத்தி நின்றுபோன கருவியின் உதிரிப்பாகம் ஆகியவை இந்த வகை. ஏலத்தளமாகவே பெயர் பெற்ற ஈபேயும் 2000-ஆம் ஆண்டில் 'உடனே வாங்கு' என்ற நிலைவிலை வசதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்தத் தளத்தின் விற்பனையில் பெரும்பகுதி ஏலத்தை விட்டு நிலைவிலைக்குச் சென்றுவிட்டது. இணைய ஏலம் புதுமையாக இருந்த காலத்தில் ஏலம் கேட்பதே ஒரு பொழுதுபோக்காகவும் இருந்தது. அந்த ஆர்வத்தை இன்று எல்லாப் பொருளுக்கும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டு முறைகளையும் ஒரே இடத்தில் அனுமதிக்கும் தளமாக இருந்தால் உங்களுக்கு வசதி கூடுதல். பொருளைப் பார்த்துவிட்டு எந்த வழி என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

எல்லாப் பொருளும் விற்கும் பெரிய தளம் நல்லதா, ஒரே துறைக்கான தளம் நல்லதா?

பெரிய தளத்தின் வலிமை அதன் கூட்டம். ஈபேயை 1995 செப்டம்பரில் 'ஆக்ஷன்வெப்' என்ற பெயரில் தொடங்கிய பியர் ஒமிடியார் அதில் முதலில் விற்றது, உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்றை. உடைந்தது என்று சொல்லியே விற்றார்; 14.83 டாலருக்குப் போனது. பழுதான லேசர் சுட்டிகளைச் சேர்ப்பவரே அதை வாங்கினாராம். கூட்டம் போதிய அளவு பெரிதாக இருந்தால், யாருக்கும் வேண்டாதது என்று நாம் நினைக்கும் பொருளுக்கும் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார் என்பதற்கு இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

வாங்குபவர்கள் விற்பவர்கள் இருக்கும் இடத்திற்கும், விற்பவர்கள் வாங்குபவர்கள் இருக்கும் இடத்திற்கும் வருவதால், ஏலத்தளங்களில் முந்திக்கொண்டவரைப் பின்னால் வந்தவர் பிடிப்பது கடினம். அமேசான் 1999-இல் ஏலப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தும் அது நிலைக்கவில்லை. யாஹூ தன் அமெரிக்க ஏலத்தளத்தை 2007-இல் மூடியது. ஆனால் அதே யாஹூவின் பெயரில் 1999-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட ஏலத்தளம் அந்த நாட்டில் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. ஈபே அங்கே காலூன்ற முடியாமல் 2002-இல் விலகியது. நியூசிலாந்தில் டிரேட் மீ, போலந்தில் அலெக்ரோ ஆகியவையும் அதே 1999-இல் தோன்றித் தத்தம் நாடுகளில் முன்னணிக்கு வந்தவை. எனவே உலகப் பெயர் பெற்ற தளம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் பொருளை அனுப்பக்கூடிய தூரத்திற்குள் இருப்பவர்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

தனித்துறைத் தளங்களில் கூட்டம் சிறிது. ஆனால் வருபவர்கள் விவரம் அறிந்தவர்கள். நெதர்லாந்தில் தோன்றிய கேட்டவிக்கி, தொகுப்பாளர்கள் தங்கள் சேகரிப்பைப் பட்டியலிட்டுக்கொள்ளும் தளமாக 2008-இல் தொடங்கிப் பிறகு ஏலத்திற்கு வந்தது. அங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு வல்லுநர், பொருளைப் பார்த்து ஏற்றபின்தான் அது ஏலத்திற்கு வரும். நாணயங்கள், சித்திரக்கதைப் புத்தகங்கள் போன்றவற்றில் பெயர்பெற்ற ஹெரிடேஜ் போன்ற ஏல நிறுவனங்கள், பொருளை உங்களிடமிருந்து பெற்று வைத்து, படமெடுத்து, விவரம் எழுதித் தாங்களே ஏலம் விடுகின்றன. இவற்றில் வேகம் குறைவு, தரகு கூடுதல், ஏற்க மறுக்கவும் செய்வார்கள். ஆயினும் ஒரு நாணயத்தின் அச்சுப்பிழையை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் இருவர் அங்கே எதிரெதிரே நிற்பார்கள். பொதுத்தளத்தில் அதே நாணயத்தை ஆயிரம் பேர் கடந்து போகலாம். அதன் அருமையை அறிந்தவர் ஒரே ஒருவராக இருந்தால், அவர் அதை மலிவாக எடுத்துச் சென்றுவிடுவார்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பொருளின் மதிப்பை விளக்க ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தால் தனித்துறைத் தளம், பெயரைச் சொன்னாலே போதுமென்றால் பொதுத்தளம்.

ஒரு தளத்தில் உண்மையாகவே வாங்குபவர்கள் இருக்கிறார்களா என்பதை எப்படிக் கண்டறிவது?

பதிவு செய்துகொண்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையைத் தளங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. முடிந்துபோன ஏலங்களைப் பாருங்கள். உங்கள் பொருளைப் போன்ற பொருளைத் தேடி, விற்பனைக்கு இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக்கு இருக்கும் பொருளின் விலை விற்பவரின் ஆசை. விற்று முடிந்ததன் விலைதான் சந்தை. அந்த வசதியே இல்லாத தளத்தைச் சற்றுச் சந்தேகத்துடன் அணுகுவது தவறாகாது.

அப்படிக் கிடைக்கும் பட்டியலில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஏலத்திற்கு வந்தவற்றில் எத்தனை விற்றன, எத்தனை விற்காமல் திரும்பின. இரண்டாவது, விற்றவற்றில் ஏலம் கேட்டவர்கள் எத்தனை பேர். இங்கே ஒரு நுணுக்கம்: 'பதினைந்து முறை கேட்கப்பட்டது' என்று இருக்கும், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டே பேர் மாறி மாறிக் கேட்டிருப்பார்கள். கேட்ட முறைகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். மூன்றாவது, ஒரே மாதிரியான பொருள்கள் ஏறத்தாழ ஒரே விலைக்குப் போயிருக்கின்றனவா, அல்லது ஒன்று 400-க்கும் அடுத்தது 1,500-க்குமாகச் சிதறிக் கிடக்கின்றனவா என்பது. பொருள்களின் நிலையில் வேறுபாடு இல்லாமலே விலைகள் அவ்வளவு சிதறியிருந்தால், அந்தப் பிரிவில் போதிய ஆட்கள் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஒரு வாரம் பொறுத்து, நான்கைந்து ஏலங்களை முடியும்வரை பின்தொடர்ந்து பாருங்கள். நீங்களே ஒரு சிறு பொருளை அந்தத் தளத்தில் வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. வாங்குபவருக்கு அந்தத் தளம் எவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்தத் தொல்லையைப் பொறுக்காமல் பாதியில் போய்விடுபவர் நாளை உங்கள் பொருளுக்கு வரவேண்டிய இரண்டாவது ஆளாக இருக்கலாம்.

கட்டணங்களை எப்படி ஒப்பிடுவது?

கட்டணம் ஒன்றல்ல, பல. பொருளைப் பட்டியலிடுவதற்கு ஒன்று, விற்றபின் விலையில் இத்தனை சதவீதம் என்று தரகு ஒன்று, பணம் பெற்றுத் தருவதற்கு ஒன்று, குறைந்தபட்ச விலையை மறைத்து வைப்பதற்கு ஒன்று, கூடுதல் படங்களுக்கோ முதல் பக்கத்தில் காட்டுவதற்கோ ஒன்று, பிற நாட்டு நாணயத்தில் பணம் வந்தால் மாற்றித் தருவதற்கு ஒன்று என்று அவை பிரிந்து கிடக்கும். விற்காமல் போனாலும் திரும்பி வராத கட்டணம் எது என்பதைத் தனியே பாருங்கள். தரகு எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள். சில தளங்கள் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் சதவீதம் போடுகின்றன. நீங்கள் அஞ்சலுக்குச் செலவிட்ட பணத்திற்கும் தரகு கொடுக்கிறீர்கள் என்பதே அதன் பொருள்.

இரண்டு தளங்களை வைத்து ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் தளத்தில் பட்டியலிட 10, தரகு 12 சதவீதம், பணம் பெற 3 சதவீதம். பொருள் 1,000-க்குப் போகிறது. அனுப்பும் செலவு 150-ஐ வாங்குபவர் தருகிறார். இரண்டு சதவீதமும் 1,150-இன் மேல் கணக்கிடப்படுகின்றன. தரகு 138, பணம் பெற 34.50, பட்டியலிட 10, அட்டைப்பெட்டிக்கும் பொதிவதற்கும் 40, அஞ்சலுக்கு 150. கையில் மிஞ்சுவது 777.50. இரண்டாவது தளத்தில் பட்டியலிடக் கட்டணம் இல்லை, தரகு பாதிதான், 6 சதவீதம். ஆனால் ஏலம் கேட்க ஆள் குறைவு என்பதால் பொருள் 850-க்கே போகிறது. அனுப்பும் செலவோடு 1,000. அதில் தரகு 60, பணம் பெற 30, பொதிய 40, அஞ்சலுக்கு 150. மிஞ்சுவது 720. தரகு பாதியாக இருந்தும் கைக்கு வருவது குறைந்துவிட்டது. சதவீதங்களை ஒப்பிடுவதைவிட, விற்று முடிந்த விலைகளிலிருந்து கையில் மிஞ்சும் தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுவதே சரியான வழி.

மலிவான பொருளுக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாக முடியும். சதவீதம் அல்லாத நிலையான கட்டணங்களும் பொதியும் செலவும் சேர்ந்து விலையை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே தொகுதியாக விடலாம். இல்லையென்றால் ஏலத்தை மறந்துவிடலாம்.

விற்பவருக்குக் கட்டணமே இல்லை என்று சொல்லும் தளங்களை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் செலவை யார் ஏற்கிறார் என்று பார்க்க வேண்டும். ஈபே ஜெர்மனியில் 2023-லும் பிரிட்டனில் 2024-லும் தனிநபர் விற்பனையாளர்களுக்கான விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. பிரிட்டனில் அடுத்த ஆண்டே வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் என்ற ஒன்று வந்தது. பெரிய ஏல நிறுவனங்களில் படிந்த விலைக்கு மேல் வாங்குபவர் ஒரு சதவீதம் கூடுதலாகத் தருவது நெடுநாள் வழக்கம். கட்டணத்தை வாங்குபவர் தலையில் வைத்தாலும், விவரமறிந்தவர் அதை மனத்தில் கழித்துக்கொண்டுதான் ஏலம் கேட்பார். 1,000 வரை செலவிடலாம் என்று வந்தவர், பத்து சதவீதம் கூடுதல் உண்டு என்று தெரிந்தால் 900-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வார். எனவே இந்தக் கட்டணம் உங்கள் பக்கத்தில் தெரியாவிட்டாலும் உங்கள் விலையில் இருக்கும்.

தொடக்க விலையை எவ்வளவு வைப்பது? குறைந்தபட்ச விலையை மறைத்து வைக்கும் வசதி அவசியமா?

தளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆட்கள் நிறைந்த பிரிவில் மிகக் குறைந்த விலையில் தொடங்குவது பயன் தரும். மலிவு என்று பலர் உள்ளே வருவார்கள், வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஏற்றுவார்கள். ஆள் குறைந்த தளத்தில் அதே செயல் ஆபத்தானது. நான் ஒருமுறை பழைய லென்ஸ் ஒன்றை, பெயருக்கு ஒரு தொகையில் தொடங்கி, அதிகம் புழங்காத ஒரு தளத்தில் விட்டேன். ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை கேட்டார். அந்த விலைக்கே பொதிந்து அனுப்ப வேண்டியதாயிற்று. தவறு தளத்தினுடையது அன்று. இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில், அவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு விலை வைத்த என்னுடையது.

இந்தத் துயரத்தைத் தவிர்ப்பதற்காகச் சில தளங்கள் குறைந்தபட்ச விலையை மறைத்து வைக்க அனுமதிக்கின்றன. ஏலம் அந்த விலையைத் தொடாவிட்டால் விற்க வேண்டியதில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்க வருபவர்கள் அதை விரும்புவதில்லை. ஈபேயில் போக்கிமான் என்ற சேகரிப்பு அட்டைகளை இணை இணையாக வைத்து நடத்தி 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், குறைந்தபட்ச விலையை மறைத்து வைத்த ஏலங்களில் விற்பனையும் குறைந்தது, கிடைத்த விலையும் குறைந்தது. அதே தொகையை வெளிப்படையான தொடக்க விலையாக வைத்தவை மேலாக முடிந்தன. அவை மலிவான அட்டைகள் என்பதால் விலையுயர்ந்த நகைக்கோ ஓவியத்துக்கோ இதை அப்படியே பொருத்திவிட முடியாது. சாதாரணப் பொருளுக்கு என் பரிந்துரை எளிது: எந்த விலைக்குக் கீழே போனால் உங்களுக்கு வருத்தமோ, அதையே வெளிப்படையாகத் தொடக்க விலையாக வையுங்கள்.

ஏலம் முடியும் நேரத்தை ஒவ்வொரு தளமும் வெவ்வேறு விதமாகக் கையாள்கிறதே, அது முக்கியமா?

முக்கியம், ஆயினும் பலர் இதைப் பார்ப்பதில்லை. சில தளங்களில் குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும். ஈபே அப்படிப்பட்டது. வேறு சிலவற்றில் கடைசிச் சில நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். டிரேட் மீயில் இது உண்டு. ஜப்பானின் யாஹூ ஏலத்தில் விற்பவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்.

குறித்த நொடியில் முடியும் ஏலங்களில், அனுபவசாலிகள் கடைசி நொடிகள் வரை வாய் திறக்காமல் காத்திருப்பார்கள். ஆல்வின் ராத், ஆக்ஸல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ஈபேயையும், கடைசியாகக் கேட்டதிலிருந்து பத்து நிமிடங்கள் கழியாமல் முடியாத அன்றைய அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டு 2002-இல் எழுதினார்கள். கடைசி நிமிட ஏலம் ஈபேயில்தான் மிகுதியாக இருந்தது; அதிலும் கணினிகளைவிடப் பழம்பொருள்களில் கூடுதலாக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. பழம்பொருளின் மதிப்பை அறிந்தவர் முன்பே கேட்டுவிட்டால், 'இவரே கேட்கிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது' என்று மற்றவர்களும் விழித்துக்கொள்வார்கள்.

விற்பவருக்கு நேரம் நீளும் முறை பொதுவாக நல்லது, ஏனெனில் தோற்கப்போகிறவருக்கு மறுபடி யோசித்து ஏற்றிக் கேட்க அவகாசம் கிடைக்கிறது. குறித்த நொடியில் முடியும் தளத்தில் விற்கிறீர்கள் என்றால், முடியும் நேரத்தையாவது நீங்களே தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வாங்குபவர்கள் உறங்கும் நேரத்தில் முடியும் ஏலம், விற்பவரைத் தவிர எல்லோருக்கும் மலிவு.

ஏலம் சூடு பிடிக்க, நண்பரைக் கொண்டு விலையை ஏற்றிவிடலாமா?

கூடாது. தளங்கள் இதைத் தடை செய்துள்ளன. பல நாடுகளில் இது சட்டப்படி மோசடி. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். பிடிபடாமலே போனாலும், நண்பரே ஏலத்தில் வென்றுவிட்டால் தரகு மட்டும் கட்டிவிட்டுப் பொருளை வீட்டிலேயே வைத்திருப்பீர்கள்.

வாங்குபவர் ஏமாற்றினால் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

வாங்குபவரைப் பாதுகாப்பதைப் பற்றித் தளங்கள் பக்கம் பக்கமாக எழுதும். விற்பவருக்கான பாதுகாப்போ, விதிகளின் அடியில் இருக்கும். அங்கே போய்ப் படிக்க வேண்டும். ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் மறைந்துவிட்டால் என்ன நடக்கும், தரகு திரும்ப வருமா, அடுத்த நிலையில் இருந்தவருக்கு விற்க வாய்ப்பு தருவார்களா என்பது முதல் கேள்வி. அட்டை வழியாகப் பணம் செலுத்தியவர், பொருளைப் பெற்றபின் தம் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்த வழக்கில் தளம் உங்கள் பக்கம் நிற்குமா என்பது இரண்டாவது. 'விவரித்தபடி இல்லை' என்று வாங்குபவர் சொன்னால் அதை எதை வைத்துத் தீர்ப்பார்கள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, திரும்பி வந்த பொருள் நீங்கள் அனுப்பியதே அல்ல என்றால் யாரிடம் சொல்வது என்பது மூன்றாவது. இவற்றுக்கு விதிகளில் தெளிவான விடை கிடைக்காத தளத்தில் விலையுயர்ந்த பொருளை விற்காதீர்கள்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் பாருங்கள். பொருள் போய்ச் சேரும்வரை தளமே பணத்தைப் பிடித்து வைத்திருப்பது இப்போது பரவலான நடைமுறை. புதிய விற்பனையாளர்களுக்கு அந்தக் காலம் இன்னும் நீளலாம். எரிச்சலூட்டும் நடைமுறைதான். ஆனால் முன்பின் தெரியாத விற்பவரை நம்பி ஏலம் கேட்க அந்நியர்கள் துணிவதற்கு அதுவும் ஒரு காரணம். கடிகாரம் போன்ற போலிகள் மிகுந்த பொருள்களுக்கு, வழியில் ஒரு வல்லுநர் சரிபார்த்து அனுப்பும் சேவையை ஈபே 2020-இல் தொடங்கியது. உண்மையான பொருளை விற்பவருக்கு இத்தகைய சேவை இலாபம். சந்தேகத்தில் ஒதுங்கி நின்றவர்களும் ஏலத்திற்குள் வருவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பொதிவதற்கு முன் பொருளையும் அதன் வரிசை எண்ணையும் படமெடுங்கள். குறைகளை மறைக்காமல் எழுதுங்கள். பின்தொடரும் எண் இல்லாமல் அனுப்பாதீர்கள். 'தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம், தரகு மிச்சம்' என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த நொடியிலிருந்து உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

நான் புதியவர், எனக்கு மதிப்புரைகளே இல்லை. விலை குறையுமா?

ஓரளவு குறையும். நல்ல பெயரெடுத்த பழைய விற்பனையாளர் ஒருவர், ஒரே மாதிரியான பழைய அஞ்சலட்டைகளைத் தம் கணக்கிலும் புதிதாகத் திறந்த கணக்குகளிலும் விற்றுப் பார்த்த ஆய்வொன்று 2006-இல் வெளியானது. பழைய கணக்கிற்கு வாங்குபவர்கள் சுமார் 8.1 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். ஆகவே உங்களிடமுள்ள மிகச் சிறந்த பொருளை முதலில் விற்காதீர்கள். சிறிய பொருள்கள் சிலவற்றை விற்றும் வாங்கியும் பெயரைச் சேர்த்துக்கொண்டு பிறகு அதைக் கொண்டுவாருங்கள். பெயர் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூடவே வராது என்பதால், அடிக்கடி தளம் மாறுவதற்கும் ஒரு விலை உண்டு. ஈபேயில் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்புரை தர முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

பிற நாடுகளுக்கும் அனுப்பலாமா?

சிறிய, இலேசான, அரிய பொருளென்றால் அனுப்பலாம். ஏலம் கேட்கும் வட்டம் பெருகும். சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையே எழுத வேண்டும். 'பரிசு என்று எழுதி அனுப்புங்கள்' என்று வாங்குபவர் கேட்டால் இணங்கக் கூடாது. சுங்கத்தையும் அயல்நாட்டு அனுப்புதலையும் தளமே கவனித்துக்கொள்ளும் சேவை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கனமான பொருளுக்கும் எளிதில் உடையும் பொருளுக்கும், நேரில் வந்து எடுத்துச் செல்ல அனுமதிக்கும் உள்ளூர்த் தளமே மேல்.

எந்தப் பொருளையும் விற்கலாமா?

ஒவ்வொரு தளத்துக்கும் தடைப்பட்டியல் ஒன்று உண்டு. அது சட்டத்தைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். ஈபே 2009 தொடக்கத்திலிருந்து தந்தப் பொருள்களின் விற்பனையைத் தடை செய்தது. நாஜி நினைவுப்பொருள்கள் ஏலத்தில் இருந்ததற்காக யாஹூ மீது பிரான்சில் 2000-ஆம் ஆண்டில் நடந்த வழக்கு, ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்டது இன்னொரு நாட்டில் குற்றமாகலாம் என்பதைத் தளங்களுக்கு உணர்த்தியது. தந்தம், ஆமையோடு, அரிய விலங்கின் தோல், ஆயுதம், மருந்து, தொல்பொருள் ஆகியவற்றில் எதுவாவது கலந்திருந்தால் பட்டியலிடுவதற்கு முன் தளத்தின் விதியையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். பழைய பியானோவின் கட்டைகளில் தந்தம் இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை.

வரி கட்ட வேண்டியிருக்குமா?

வீட்டில் கிடந்த பழைய பொருளை எப்போதோ விற்பதும், விற்பதற்காகவே வாங்கி விற்பதும் பல நாடுகளின் சட்டத்தில் வெவ்வேறானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல், ஓர் ஆண்டில் 30 பொருள்களையோ 2,000 யூரோவுக்கு மேலோ விற்பவரின் விவரத்தைத் தளங்கள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், ஓராண்டு காலத்திற்குள் 200 அல்லது அதற்கு மேற்பட்ட புதிய பொருள்களை, மொத்தம் 5,000 டாலருக்கோ அதற்கு மேலோ விற்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கத் தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தெரிவிப்பது வேறு, வரி விதிப்பது வேறு. ஆயினும் வாங்கிய விலை, விற்ற விலை, கட்டணம் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே குறித்து வைத்திருந்தால் பின்னால் தேட வேண்டியிராது.

நேரலைக் காணொளியில் நடக்கும் ஏலங்கள் எப்படி?

பேசத் தெரிந்தவருக்கும், ஒரே வகைப் பொருளை நிறைய வைத்திருப்பவருக்கும் அவை பொருந்தும். சில நொடிகளில் முடிந்துவிடும் அந்த ஏலங்களில் விலையைப் பற்றிச் சிந்திக்க யாருக்கும் நேரமில்லை. உங்களைப் பார்க்க வரும் கூட்டத்தை நீங்களே சேர்க்கவும் வேண்டும். ஒரே ஒரு பொருளை விற்க வந்தவருக்கு இது வீண் அலைச்சல்.

ஒரே பொருளை இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் ஏலத்தில் விடலாமா?

வேண்டாம். இரண்டிலும் படிந்துவிட்டால் ஒருவரை ஏமாற்றியே ஆக வேண்டும். அதற்கும் மேலாக, ஒரே இடத்தில் எதிரெதிரே நின்றிருக்க வேண்டிய இருவரை நீங்களே இரண்டு இடங்களில் பிரித்து வைத்துவிடுகிறீர்கள். ஒரு தளத்தில் விற்காமல் திரும்பி வந்தால், தொடக்க விலையையோ படங்களையோ மாற்றி ஒருமுறை அங்கேயே முயன்று, பிறகு அடுத்த தளத்துக்குப் போகலாம்.

தேர்ந்தெடுத்த தளமே மூடப்பட்டுவிட்டால்?

நடந்திருக்கிறது. இந்தியாவில் ஈபே, 2004-இல் பாஸீ என்ற உள்ளூர் ஏலத்தளத்தை வாங்கிக் கால்பதித்து, 2017-இல் தன் இந்தியப் பிரிவை ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே அந்தத் தளம் மூடப்பட்டது. அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்த்த மதிப்புரைகள் விற்பவர்களுக்கு வேறெங்கும் செல்லுபடியாகவில்லை. உங்கள் படங்கள், விவரக் குறிப்புகள், விற்பனைப் பதிவுகள் ஆகியவற்றின் படியைத் தளத்துக்கு வெளியே உங்கள் கணினியிலும் வைத்திருங்கள். தளத்தில் சேரும் பணத்தை அங்கேயே தேங்கவிடாமல் அவ்வப்போது வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.